பாய்மங்களின் இயல்புகளும் திட்டச் செலவுகளும்

கிணற்றில் நீர் இருக்கிறது. மின்சாரமும் இருக்கிறது. மோட்டார் தடையின்றி ஓடுகிறது. ஆயினும் குழாயின் வாயில் நீர் வரவில்லை. கோடையில் நீர்மட்டம் கீழிறங்கும் நாள்களில் நாட்டின் பல பகுதிகளில் உழவர்கள் கண்ட காட்சி இது. பம்பு பழுதாகிவிட்டது என்று கருதி அதைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் செல்பவரும் உண்டு. அதிகக் குதிரைத்திறன் கொண்ட மோட்டாரைக் கடன்பட்டு வாங்கியவரும் உண்டு. புதிய மோட்டாரும் நீரைக் கொண்டுவரவில்லை. பம்பில் குறை ஏதுமில்லை. நீரின் இயல்பு விதிக்கும் எல்லை ஒன்று மீறப்பட்டிருக்கிறது. அந்த எல்லையை எந்த மோட்டாரும் தாண்ட முடியாது.

பாசனம், பால் கொள்முதல், எரிபொருள் வழங்கீடு, நீர்மின் உற்பத்தி, எண்ணெய்க் குழாய்கள் ஆகிய அனைத்தும் பாய்மங்களைக் கையாளும் துறைகள். இத்துறைகளில் ஒப்புதலுக்கு வரும் மதிப்பீடுகளைப் பொறியாளர்கள் தயாரிக்கின்றனர். அவற்றைப் பரிசீலிப்போரில் பலர் பொறியியல் பயின்றவர் அல்லர். பாய்மங்களின் அடிப்படை இயல்புகள் ஐந்தாறினைப் புரிந்துகொண்டால், மதிப்பீட்டில் உள்ள எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அவர்களுக்கு விளங்கும். அவ்வியல்புகளையும், நாட்டின் பொருளாதாரத்தில் அவை செலவாக மாறும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பாய்மம் எது?

திரவங்களும் வாயுக்களும் சேர்ந்தே பாய்மங்கள் எனப்படுகின்றன. ஒரு மரக்கட்டையின் மேற்பரப்பைப் பக்கவாட்டில் தள்ளினால் அது சிறிதளவு உருமாறி, பிறகு எதிர்த்து நிற்கும். நீரைத் தள்ளினால் அது நிற்பதில்லை. தள்ளும் விசை எவ்வளவு சிறியதாயினும், விசை நீடிக்கும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கவாட்டு விசையை நிலையாக எதிர்த்து நிற்க இயலாத பொருளே பாய்மம்.

திரவத்துக்குத் தனி உருவம் இல்லை. ஆனால் தனிப் பருமன் உண்டு. ஆகவே அது பாத்திரத்தில் ஒரு மேற்பரப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. வாயுவுக்கு உருவமும் இல்லை, நிலையான பருமனும் இல்லை. அது கிடைத்த இடம் முழுவதும் பரவும். இவ்விரண்டிலும் சேராத இடைநிலைப் பொருள்களும் உண்டு. குளிர்ந்த மெழுகு எண்ணெய் குறிப்பிட்ட விசை வரையில் திடப்பொருளைப் போல நின்று, அதைத் தாண்டியதும் திரவத்தைப் போல ஓடும். இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

அடர்த்தி: பாலின் விலையும் பெட்ரோலின் தூய்மையும்

ஒரு கன மீட்டர் பருமனில் அடங்கிய நிறையே அடர்த்தி. நீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியஸில் கன மீட்டருக்கு 1,000 கிலோகிராம். பாதரசத்தின் அடர்த்தி ஏறத்தாழ 13,600. ஒரு பொருளின் அடர்த்தியை நீரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுக் கூறுவது ஒப்படர்த்தி எனப்படும்.

பால் கொள்முதல் நிலையங்களில் பயன்படும் லாக்டோமீட்டர் ஒப்படர்த்தியை அளக்கும் எளிய கருவி. அது 30 என்று காட்டினால் பாலின் ஒப்படர்த்தி 1.030 என்பது பொருள். கருவியின் குறியீடுகள் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு உரியவை. வேறு வெப்பநிலையில் அளந்தால் திருத்தம் செய்ய வேண்டும். நீர் கலந்தால் பாலின் அடர்த்தி குறையும். ஆகவே நீர்க்கலப்பைக் கண்டறிய இக்கருவி போதும் எனத் தோன்றும். ஆனால் கொழுப்பு நீரைவிட இலேசானது. பாலிலிருந்து கொழுப்பை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். முதலில் கொழுப்பை எடுத்து, அதன்பின் தக்க அளவு நீரைச் சேர்த்தால், இரு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். லாக்டோமீட்டர் மீண்டும் 30 என்றே காட்டும். மற்றோர் எடுத்துக்காட்டு: 1.032 ஒப்படர்த்தி உள்ள எருமைப்பால் ஒன்பது பங்கும் நீர் ஒரு பங்கும் கலந்தால் கிடைப்பது ஏறத்தாழ 1.029. அது கலப்பற்ற பசும்பாலின் அளவை ஒட்டியதே.

ஓர் இயல்பை மட்டும் அளந்து விலை நிர்ணயித்தால், அந்த ஓர் அளவை நிறைவு செய்வதற்கான வழிகள் சந்தையில் தோன்றிவிடும் என்பது இதில் அடங்கிய பாடம். ஆகவேதான் கூட்டுறவுப் பால் அமைப்புகள் கொழுப்பின் அளவையும், கொழுப்பல்லாத திடப்பொருள்களின் அளவையும் தனித்தனியே கணக்கிட்டு விலை வழங்கும் முறையைக் கைக்கொண்டன. 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தொடங்கிய கூட்டுறவு ஒன்றியமும், 1965இல் ஆனந்தில் நிறுவப்பட்ட தேசியப் பால்வள வாரியமும், 1970 முதல் 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சித் திட்டமும் இலட்சக்கணக்கான சிறு உற்பத்தியாளர்களின் நம்பிக்கையைப் பெற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. கொண்டுவந்த பாலின் தரம் அங்கேயே அளக்கப்பட்டு, அளவுக்கேற்ற பணம் கிடைத்தது என்பது அவற்றுள் முக்கியமானது. இரு லிட்டர் பால் கொண்டுவரும் பெண்மணிக்கும் இருபது லிட்டர் கொண்டுவருபவருக்கும் அளவுகோல் ஒன்றாகவே இருந்தது.

எரிபொருள் விற்பனையிலும் அடர்த்தியே முதல் சாட்சி. பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரியில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 720 முதல் 775 கிலோகிராம் வரை இருக்கும். வெப்பநிலை உயர்ந்தால் பெட்ரோல் விரிவடையும், அடர்த்தி குறையும். 15 டிகிரியில் 740 ஆக இருக்கும் பெட்ரோல் 30 டிகிரியில் ஏறத்தாழ 730 ஆகிவிடும். இதனாலேயே விற்பனை நிலையத்தில் அளந்த எண்ணை 15 டிகிரிக்கு மாற்றிய பின்னரே பதிவேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிடுகின்றனர். வேறுபாடு 3 கிலோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. வாடிக்கையாளரும் இச்சோதனையைக் கோரலாம்.

இவ்விரிவு வாணிகக் கணக்கிலும் புகுகிறது. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. 20,000 லிட்டர் ஏற்றிய லாரியில் வழியிலேயே 5 டிகிரி குளிர்ந்தால், ஏறத்தாழ 100 லிட்டர் குறைந்ததாகத் தோன்றும். ஒரு துளியும் சிந்தவில்லை, நிறையும் மாறவில்லை, பருமன் மட்டுமே சுருங்கியது. இதை அறியாத தணிக்கையாளர் நேர்மையான ஓட்டுநரைச் சந்தேகிப்பார். இதை நன்கறிந்த நேர்மையற்றவரோ, உண்மையான களவையும் வெப்பநிலையின் மேல் சுமத்துவார். பருமனோடு வெப்பநிலையையும் பதிவு செய்வதே இருவகைப் பிழைக்கும் மருந்து.

கலப்படத்தைப் பொறுத்தவரை அடர்த்தி எவ்வளவு தூரம் உதவும்? 740 அடர்த்தியுள்ள பெட்ரோலில் 800 அடர்த்தியுள்ள மண்ணெண்ணெய் பத்து சதவீதம் கலந்தால் அடர்த்தி 746 ஆகும்; வேறுபாடு தெளிவாகப் புலப்படும். 830 அடர்த்தியுள்ள டீசலில் அதே அளவு கலந்தால் கிடைப்பது 827. வேறுபாடு அனுமதிக்கப்பட்ட எல்லையிலேயே நின்றுவிடும். ஆகவே டீசல் கலப்படத்தை அடர்த்தியால் மட்டும் பிடிப்பது அரிது. பொது வழங்கீட்டு மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஊட்டப்பட்டதும், பிற சோதனைகள் வகுக்கப்பட்டதும் இக்குறையை ஈடுசெய்யவே.

மானிய விலையில் மண்ணெண்ணெய் வழங்கப்பட்ட ஆண்டுகளில் அதற்கும் டீசலுக்கும் இடையே இருந்த விலை வேறுபாடு கலப்படத்துக்குத் தூண்டுகோலாக இருந்தது. ஏழை வீட்டின் விளக்குக்கும் அடுப்புக்கும் ஒதுக்கப்பட்ட எண்ணெய் லாரிகளின் தொட்டிக்குச் சென்றது. இச்சோதனைகளை நேர்மையாகச் செய்வது எளிய பணியாக இருக்கவில்லை. பொதுத்துறை எண்ணெய் நிறுவனம் ஒன்றின் இளம் விற்பனை அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படத்துக்கு எதிராக நடவடிக்கை எடுத்ததன் காரணமாக 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பதிவேட்டில் மூன்று இலக்கங்களில் எழுதப்படும் ஓர் எண்ணின் பின்னே எத்தகைய நலன்கள் மோதுகின்றன என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்தியது.

அழுத்தமும் ஆவி அழுத்தமும்: கிணற்றின் எல்லை

இனிக் கிணற்றுக்குத் திரும்புவோம். மேட்டில் வைக்கப்பட்ட மையவிலக்குப் பம்பு நீரை இழுக்கிறது என்று கூறுவது பேச்சு வழக்கு. உண்மையில் நீரை யாரும் இழுப்பதில்லை. பம்பு தன் உறிஞ்சு குழாயில் உள்ள அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்தும் காற்று மண்டலம் நீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 76 சென்டிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும். நீரானால் ஏறத்தாழ 10.3 மீட்டர் உயரத்தைத் தாங்கும். குழாயில் முழு வெற்றிடத்தையே உண்டாக்கினாலும் அதற்கு மேல் நீர் ஏறாது.

நடைமுறையில் 10.3 மீட்டரும் கிட்டுவதில்லை. முதலாவதாக, இடத்தின் உயரம். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலுள்ள பெங்களூரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 9.3 மீட்டர் நீரை மட்டுமே தாங்கும். இரண்டாவதாக, ஆவி அழுத்தம். ஒவ்வொரு திரவமும் எவ்வெப்பநிலையிலும் ஓரளவு ஆவியை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது; வெளி அழுத்தம் அந்த ஆவியின் அழுத்தத்துக்குச் சமமாகக் குறைந்தால் திரவம் கொதிக்கத் தொடங்கும். 30 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 0.4 மீட்டர் நீருக்குச் சமம். ஆகவே பம்பின் உள்ளே அழுத்தம் மிகக் குறைந்தால், குளிர்ந்த நீரே அங்குக் கொதித்துக் குமிழிகளை உண்டாக்கும். அக்குமிழிகள் அழுத்தம் மிகுந்த பகுதிக்குச் சென்றதும் வெடித்து அடங்கும். அப்போது கூழாங்கற்கள் உருளுவது போன்ற ஓசை கேட்கும். நாளடைவில் பம்பின் சுழல்தட்டில் குழிகள் விழும். மூன்றாவதாக, ஃபுட் வால்விலும் குழாயின் வளைவுகளிலும் உராய்வினால் இழப்பு ஏற்படும்.

இவற்றையெல்லாம் கழித்தால், பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஆறு அல்லது ஏழு மீட்டர் உயரமே நம்பத்தக்க எல்லை. நீர்மட்டம் அதற்குக் கீழே சென்றால் மூன்று குதிரைத்திறனுக்குப் பதில் பத்துக் குதிரைத்திறன் மோட்டாரை வைத்தாலும் பயனில்லை. கிணற்றுக்குள் மேடை கட்டிப் பம்பைக் கீழே இறக்கியவர்கள் இவ்விதியைப் படிக்காமலேயே அதற்கு உடன்பட்டவர்கள். நீரில் மூழ்கியிருக்கும் பம்பு வேறு வகையில் இதைத் தீர்த்தது. அது நீரைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. தள்ளுவதற்குக் காற்றழுத்தம் விதிக்கும் எல்லை இல்லை.

எல்லை நீங்கியதன் பயனும் தீங்கும் ஒருங்கே வந்தன. மிக ஆழத்திலிருந்தும் நீரை எடுக்க முடிந்தது. நிலத்தடி நீர் மேலும் கீழிறங்கியது. ஆழம் கூடியபோது மின்செலவும் கூடியது. ஒரு கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்த 9.8 கிலோஜூல் ஆற்றல் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். எனவே இழப்பே இல்லையெனில், ஒரு யூனிட் மின்சாரம் 50 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ 7.3 கன மீட்டர் நீரைக் கொண்டுவரும். பம்பும் மோட்டாரும் குழாயும் சேர்ந்த மொத்தத் திறன் 30 சதவீதம் எனக் கொண்டால் கிடைப்பது 2.2 கன மீட்டர் மட்டுமே. மீதி வெப்பமாக வீணாகிறது.

பாகுநிலை: குழாயின் விட்டத்தில் ஒளிந்திருக்கும் செலவு

நீரையும் தேனையும் ஒரே சாய்வில் ஊற்றினால் தேன் மெதுவாக ஓடும். அடர்த்தி வேறுபாடு இதற்குக் காரணமன்று. பாதரசம் தேனைவிடப் பன்மடங்கு அடர்த்தியானது, ஆயினும் விரைந்தோடும். திரவத்தின் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் வழுக்கிச் செல்லும்போது எழும் உள் உராய்வே பாகுநிலை. வெப்பநிலை உயர்ந்தால் திரவங்களின் பாகுநிலை குறையும். வாயுக்களில் அது கூடும். நீரின் பாகுநிலையை 20 டிகிரியில் 1 எனக் கொண்டால் 30 டிகிரியில் அது 0.8 ஆகும். அதே அளவுகோலில் விளக்கெண்ணெயின் பாகுநிலை 20 டிகிரியில் ஏறத்தாழ ஆயிரம்.

குழாயில் ஓட்டம் இருவகைப்படும். வேகம் குறைவாகவும் பாகுநிலை மிகுதியாகவும் இருந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலவாமல் சீராகச் செல்லும். இதைச் சீரோட்டம் என்பர். வேகம் கூடினால் சுழல்கள் தோன்றிக் கொந்தளிப்பான ஓட்டமாகும். 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் செலுத்தி இவ்வேறுபாட்டை விளக்கினார். அடர்த்தி, வேகம், விட்டம் ஆகிய மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் கிடைப்பது ரெனால்ட்ஸ் எண். அது 2,000க்குக் கீழே இருந்தால் சீரோட்டம். 4,000க்கு மேல் பொதுவாகக் கொந்தளிப்பு. பாசனக் குழாய்களில் இவ்வெண் பல்லாயிரம் ஆகும். எனவே அங்கு நிகழ்வது கொந்தளிப்பான ஓட்டமே.

கொந்தளிப்பான ஓட்டத்தில், ஒரே அளவு நீரைச் செலுத்தும்போது உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழத் தலைகீழ் விகிதத்தில் அமையும். வினாடிக்கு 3 லிட்டர் நீரை 100 மீட்டர் நீளக் குழாயில் செலுத்துவதாகக் கொள்வோம். உள்விட்டம் 50 மில்லிமீட்டராயின் உராய்வை வெல்லவே ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்துக்குரிய ஆற்றல் தேவை. 65 மில்லிமீட்டராயின் 1.3 மீட்டர் போதும். விட்டம் முப்பது சதவீதம் கூடியது. இழப்போ நான்கில் ஒரு பங்கை ஒட்டிக் குறைந்துவிட்டது.

இங்கு இயற்பியல் முடிந்து பொருளியல் தொடங்குகிறது. அகன்ற குழாயின் விலையைச் செலுத்துபவர் உழவர். குறுகிய குழாயால் வீணாகும் மின்சாரத்தின் விலையைச் செலுத்துபவர் வேறொருவர். பல மாநிலங்களில் வேளாண்மைக்கான மின்சாரம் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ வழங்கப்படுகிறது. எனவே குறுகிய குழாயை வாங்கும் உழவர் தம்மளவில் சரியான முடிவையே எடுக்கிறார். இழப்பு மின்வாரியத்தின் கணக்கிலும், இறுதியில் மாநில வரவுசெலவுத் திட்டத்திலும் விழுகிறது. அவரை அறியாதவர் என்று குறைகூறுவதில் பொருளில்லை. 2019இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தின்கீழ் நிறுவப்படும் சூரிய சக்திப் பம்புகளில் இவ்வுண்மை மேலும் வெளிப்படையாகிறது. உராய்வில் வீணாகும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் கூடுதலான சூரியத் தகடுகளை முதலிலேயே வாங்கியாக வேண்டும். நல்ல ஃபுட் வால்வும் தக்க விட்டமுள்ள குழாயும் அத்தகடுகளைவிட மலிவானவை.

மெழுகு எண்ணெய்: அசாம் முதல் ராஜஸ்தான் வரை

அசாமின் திக்பாயில் 1889இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1901இல் அங்குச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. 1953இல் நாஹர்கட்டியாவில் புதிய எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. அதன் எண்ணெயைக் குவாஹாட்டி, பீகாரின் பரௌனி ஆகிய இடங்களில் அமைந்த பொதுத்துறைச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கொண்டுசெல்ல 1960களின் தொடக்கத்தில் 1,157 கிலோமீட்டர் நீளக் குழாய் அமைக்கப்பட்டது. இந்த எண்ணெயில் மெழுகு மிகுதி. கோடையில் தாராளமாக ஓடும் எண்ணெய், குளிர்காலத்தில் மண்ணுக்கடியில் குளிரும்போது மெழுகுப் படிகங்கள் பின்னிக்கொண்டு கூழாக இறுகும் தன்மையது.

ஓட்டம் தடையின்றி நடக்கும்வரை இடர் குறைவு. மின்தடையினாலோ பழுதினாலோ ஓட்டம் நின்று, எண்ணெய் இறுகிவிட்டால், அதை மீண்டும் அசைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கணக்கிடலாம். இறுகிய எண்ணெய் குழாய்ச் சுவரில் சதுர மீட்டருக்கு 10 நியூட்டன் விசை வரையில் எதிர்த்து நிற்பதாகக் கொள்வோம். இது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு கிலோ எடையளவே. கையால் தள்ளினாலும் வழிவிடும். ஆனால் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு எண்ணெய் இறுகியிருந்தால், அதை நகர்த்தக் காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்கு அழுத்தம் வேண்டும். 100 கிலோமீட்டருக்கு நூறு மடங்கு வேண்டும். குழாய் அவ்வளவைத் தாங்குமா என்பதே கேள்வி. மிகச் சிறிய ஓர் இயல்பு நீளத்தால் பெருகி முழு முதலீட்டையும் முடக்கிவிடக் கூடும்.

அசாம் குழாயில் இதற்குக் கண்ட தீர்வு, எண்ணெயை முன்கூட்டியே பதப்படுத்துவது. எண்ணெயைச் சூடாக்கி மெழுகு முழுவதையும் கரையச் செய்து, பின்னர்க் கட்டுப்பாட்டுடன் குளிர்வித்தால், மெழுகுப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாத வடிவில் உருவாகின்றன. எண்ணெயின் கூறுகள் மாறவில்லை; அது குளிர்ந்த விதம் மட்டுமே மாறியது. படிகங்களின் வளர்ச்சியைத் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சேர்க்கும் முறையும் பிற்காலத்தில் கையாளப்பட்டது.

ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் 2004இல் கண்டறியப்பட்டு 2009 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கிய மங்களா வயலின் எண்ணெய் இதனினும் மெழுகு மிகுந்தது. பாலைவன வெயிலிலேயே அது இறுகிவிடும். ஆகவே குஜராத் கடற்கரை வரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வெப்பக்காப்புப் போர்த்து, வழிநெடுக மின்சாரத்தால் சூடேற்றப்படும் குழாய் அமைக்கப்பட்டது. எண்ணெய் ஏறத்தாழ 65 டிகிரியில் வைக்கப்படுகிறது. அசாமில் ஒருமுறை பதப்படுத்தும் செலவு. ராஜஸ்தானில் வழியெங்கும் சூடேற்றும் செலவு. நிலத்துக்கடியில் கண்டறியப்பட்ட எண்ணெயின் அளவை மட்டும் வைத்து வயலின் மதிப்பைக் கூறுவது ஏன் போதாது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

அதே வயலில் பாகுநிலையைக் கூட்டிப் பயன்பெற்றதும் குறிப்பிடத்தக்கது. எண்ணெயை வெளியேற்ற நிலத்துக்குள் நீர் செலுத்தப்படுகிறது. நீர் எண்ணெயைவிட எளிதில் ஓடுவதால், எண்ணெயைத் தள்ளாமல் இடையே வழி பிளந்து முன்னே சென்றுவிடும். நீரில் பாலிமரைக் கரைத்துப் பாகுநிலையைக் கூட்டினால், அது எண்ணெயைச் சீராக முன்தள்ளும்.

பரப்பு இழுவிசை: உவர் நிலத்தின் கதை

திரவத்தின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோலைப் போல் சுருங்க முயலும். இதுவே பரப்பு இழுவிசை. மெல்லிய குழாயை நீரில் நிறுத்தினால் நீர் தானாகவே மேலேறுவது இதன் விளைவு. இதனை நுண்புழை ஏற்றம் என்பர். புழை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். ஆரம் பத்தில் ஒரு மில்லிமீட்டரானால் ஏற்றம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். நூற்றில் ஒரு மில்லிமீட்டரானால் ஒன்றரை மீட்டர்.

மண்ணின் துகள்களுக்கிடையே உள்ள இடைவெளிகள் இத்தகைய நுண்புழைகளே. கால்வாய்ப் பாசனம் வந்த பகுதிகளில் வடிகால் வசதி செய்யப்படாவிடில், ஆண்டுதோறும் கசியும் நீரால் நிலத்தடி நீர்மட்டம் உயர்கிறது. மேற்பரப்பிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் அது வந்துவிட்டால் நுண்புழை ஏற்றம் நீரை மேலே கொண்டுசேர்க்கிறது. வெயிலில் நீர் ஆவியாகிறது. அதில் கரைந்திருந்த உப்பு மேல் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. வெள்ளம் எதுவும் வருவதில்லை. பயிர் மட்டும் ஆண்டுக்காண்டு குன்றுகிறது. ஹரியானா, பஞ்சாப், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் கால்வாய்ப் பகுதிகளில் இது பெரும் இழப்பை விளைவித்துள்ளது. நாட்டில் உவர், களர் நிலங்களின் பரப்பு 67 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் என மதிப்பிடப்பட்டுள்ளது. இதில் பாசனத்தால் விளைந்ததும் இயற்கையாக அமைந்ததும் அடங்கும்.

1969இல் நிறுவப்பட்டுக் கர்னாலில் இயங்கிவரும் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையம் நிலத்தடி வடிகால் குழாய் முறையை வகுத்து உவர் நிலங்களை மீட்டு வருகிறது. நீர்மட்டத்தை நுண்புழையின் எட்டுக்குக் கீழே நிறுத்துவதே அம்முறையின் அடிப்படை. கால்வாய்த் திட்டத்தில் வடிகாலுக்கான தொகையைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைப்பது சிக்கனம் ஆகாது. அச்செலவு நீங்குவதில்லை, உழவரின் விளைச்சலிலிருந்து அது வசூலிக்கப்படுகிறது.

அமுக்கத்தன்மை: திடீரென நின்ற நீர்

வாயுக்களை எளிதில் அமுக்கலாம். திரவங்களை அமுக்குவது மிகக் கடினம். காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்கு அழுத்தினாலும் நீரின் பருமன் அரை சதவீதமும் குறைவதில்லை. அதனால் திரவத்தை அமுக்க இயலாதது எனக் கொள்வதே வழக்கம். ஆனால் நீண்ட குழாயில் ஓடும் நீரைத் திடீரென நிறுத்தும்போது அந்தச் சிறு அமுக்கமே பேராற்றல் பெறுகிறது. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் எஃகுக் குழாயில் ஓடும் நீரை ஒரு நொடியில் நிறுத்தினால், காற்றழுத்தத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அழுத்தம் கூடுதலாக எழுந்து, ஒலியின் வேகத்தையொட்டிக் குழாய் நெடுகப் பாயும். இதை நீர் அறைவு என்பர். மாஸ்கோ நகர நீர்க்குழாய்களில் நிக்கலாய் ஜுக்கோவ்ஸ்கி 1890களின் இறுதியில் இதை ஆராய்ந்து விதி வகுத்தார்.

சட்லெஜ் ஆற்றின் நாத்பா ஜாக்ரி நீர்மின் திட்டம் 1,500 மெகாவாட் திறனுடையது. 27 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கம் நீரைக் கொண்டுவருகிறது. மின்தொடரில் ஏற்படும் தடையால் சுழலிகள் நிறுத்தப்பட்டால் அந்த நெடிய நீர்த்தம்பம் எங்குச் செல்வது? அதற்காகவே சுரங்கத்தின் முடிவில் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழமுள்ள அலைத்தணிப்புக் கிணறு தோண்டப்பட்டது. நின்ற நீர் அதில் ஏறித் தணிகிறது. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அக்கிணற்றால் ஒரு யூனிட் மின்சாரமும் உற்பத்தியாவதில்லை. எனினும் அதை மதிப்பீட்டிலிருந்து நீக்கினால் சுரங்கமும் குழாயும் சுழலியும் ஒருசேர ஆபத்துக்கு உள்ளாகும். சிற்றூர்க் குடிநீர்த் திட்டத்திலும் இதே விதி பொருந்தும். வால்வை மெதுவாக மூட வேண்டும் என்று இயக்குநருக்குக் கற்பிப்பது செலவில்லாத பாதுகாப்பு.

மதிப்பீட்டைப் படிக்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து, பரிசீலிக்கும் அலுவலர் கேட்கத்தக்க கேள்விகள் சில பிறக்கின்றன. அளவு பருமனில் கூறப்பட்டிருந்தால், எந்த வெப்பநிலையில்? தரத்தை அறுதியிட ஓர் இயல்பு மட்டும் அளக்கப்படுகிறதா, ஒன்றையொன்று சரிபார்க்கும் இரண்டு இயல்புகளா? பம்பு நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது. கோடையின் இறுதியில் அவ்வுயரம் எவ்வளவாகும்? குழாயின் விட்டம் வாங்கும் விலையைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டதா, பதினைந்து ஆண்டு மின்செலவையும் சேர்த்தா? ஓட்டம் நின்றால் என்ன ஆகும். மீண்டும் தொடங்க முடியுமா? பாய்ச்சும் நீர் வடிந்து செல்ல வழி உண்டா? இவற்றுக்குச் சமன்பாடுகள் தேவையில்லை. விடை இல்லாத மதிப்பீடு முழுமை பெறாதது என்பதை உணர இவை போதும்.

கோப்பில் ஒப்புதல் கிடைத்தவுடன் பாய்மம் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. கணக்கில் சேர்க்கப்படாத ஒவ்வோர் இயல்பும் பின்னொரு நாளில் ஒருவரிடமிருந்து தனக்குரிய செலவைப் பெற்றுக்கொள்கிறது. கோடை நடுவில் வற்றாத கிணற்றின் அருகே, ஓடும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் உழவர் பெரும்பாலும் அந்த ஒருவராக இருக்கிறார். அவருக்குக் கடன் வழங்கும் வங்கியும், மானியம் வழங்கும் துறையும், புதிய மோட்டாருக்கு ஒப்புதல் அளிக்குமுன் கிணற்றில் ஒரு கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளந்து பார்த்தால், அவருடைய பணமும் நாட்டின் மின்சாரமும் ஒருங்கே மிஞ்சும்.